நீலக் கேனின் இடம்

சூசையம்மாள் இரண்டாவது பாயை விரித்து அதில் சாளை மீனை வால் ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தபோது, இன்னாசிமுத்து முகமூடியும் முதுகுப் பையும் கனத்த பூட்சுமாக அவளைத் தாண்டி உலகத்தின் முடிவுக்குள் நடந்துபோனார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓரமாப் போங்கண்ணே, இந்தப் பக்கம் இன்னும் ஈரம் காயல."

அவர் ஓரமாகப் போனார். வலது கையில் நீல நிறத் தண்ணீர் கேன் இருந்தது, அதன் வயிற்றில் வெள்ளைப் பெயிண்டில் இ.மு. என்று எழுதியிருந்தது. வழக்கமாகப் போடும் ரப்பர் செருப்பை வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தார். போகிற இடத்தில் அது வேண்டியிராது என்பது அவர் கணக்கு. உலகத்தின் முடிவு அன்றைக்கு இரண்டு பாய் அகலத்துக்கு வந்துவிட்டது, மறுநாள் ஒரு பாய் அகலம் இருக்கும், அதற்கடுத்த நாள் இராது. அதற்குள் போய்விட்டால் திரும்பி வர வேண்டியதில்லை.

அது வந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் உப்பளக் குடியிருப்புக்காரர்கள் எழுந்து பார்த்தபோது, விளையாட்டு மைதானத்தின் தெற்குப் பாதி இரவெல்லாம் வெளுப்புத் தூளில் ஊறிய சேலையைப்போல நிறம் போய்க் கிடந்தது. அதன்மேல் விழுந்த வெயில் மட்டும் சாம்பல் நிறமாக இருந்தது. காலை எடுத்து உள்ளே வைத்தால் காக்கைச் சத்தமும் லாரிச் சத்தமும் அறுந்துபோயின. உள்ளே நின்று பார்த்தால் மைதானத்துக்கு முடிவே இல்லை. சாலை நீண்டு போயிற்று, ஊர் முழுதும் கதவுகள் திறந்தபடி துருவேறி நின்றது, ஒரு மனிதரும் இல்லை, கடல் வெகுதூரம் பின்வாங்கி ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது. எல்லாம் முடிந்தபிறகு இப்படித்தான் இருக்கும்போல என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதால் பிள்ளைகளுக்குச் சடை பின்னப் போனார்கள்.

கிராம நிர்வாக அலுவலர் வந்து சங்கிலி பிடித்து அளந்து, உரிமை கோர யாரும் இல்லாததால் புறம்போக்கு என்று எழுதிக்கொண்டு போனார். பங்குச் சாமியார் ஞாயிறு பூசையில், ஆயர் இல்லத்திலிருந்து இதுபற்றித் தகவல் எதுவும் வரவில்லை, வரும்வரை இதற்கென்று யாரும் தனியாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியதில்லை என்று அறிவித்தார். மட்டை பிடிக்கிற பையன்கள் இரண்டு நாள் சண்டை போட்டு, பந்து உள்ளே போனால் நாலு ரன் என்று முடிவுசெய்தார்கள். அங்கே ஈ இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் சூசையம்மாள். ஈயும் காகமும் பூனையும் இல்லாத நிலத்தில் காய்ந்த அவளுடைய கருவாடு கண்ணாடிபோல இருந்தது, சந்தையில் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து வாங்கினார்கள். கொசு இல்லை என்பது தெரிந்ததும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் தலையணையோடு அங்கே போய்ப் படுத்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார்கள். உள்ளே போட்ட சத்தம் வெளியே கேட்கவில்லை என்பதால் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கே போய், திட்டித் தீர்த்துவிட்டு, வரும்போது கடையில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தார்கள். சாலையோடு தூரமாக நடந்துபோய்ப் பார்க்க மட்டும் யாருக்கும் வேலை இருக்கவில்லை.

இன்னாசிமுத்து இத்தனை நாளும் அதற்குள் காலெடுத்து வைக்கவில்லை. இது எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் உலகத்தின் முடிவுக்காக அந்தக் குடியிருப்பில் காத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் உப்பு லாரிகளை எடைபோடும் மேடையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்த்தார். பாரத்தோடு ஒருமுறை, வெறும் வண்டியாக ஒருமுறை. முதல் எடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் உப்பு. எல்லோருக்கும் வேண்டியது உப்பின் எடை, அவருக்குப் பிடித்ததோ வெறும் வண்டியின் எடை. இரண்டு லாரிகளுக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் அவர் உலகம் அழிந்தபிறகு நடக்கும் கதைகளைப் படித்தார். பழைய பேருந்து நிலையத்தின் பழைய புத்தகக் கடைக்காரர் அந்த மாதிரிப் புத்தகம் எது வந்தாலும் அவருக்கென்று எடுத்துவைத்தார். கிழிந்த மொழிபெயர்ப்புகள், அட்டை இல்லாதவை, கடைசிப் பக்கங்கள் போனவை. கடைசிப் பக்கங்கள் போனவை அவருக்கு இன்னும் பிடித்தன. எல்லோரும் போய்விட்ட சாலையில் ஒரு மனிதன் ஒரு பையோடும் ஒரு கேனோடும் நடந்துகொண்டே இருப்பான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அவனைப் பார்த்து யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளமாட்டார்கள். படித்ததையெல்லாம் ஒரு நீள நோட்டில் குறித்துவைத்தார். தீக்குச்சியை மெழுகில் தோய்த்து வைப்பது, மழைநீரை மணலும் கரியும் போட்டு வடிப்பது, அரிசியில் வண்டு விழாமல் காப்பது. மாடி வீட்டுக்கு இரும்புக் கதவு போட்டு, உள்ளே நாற்பது பிளாஸ்டிக் பீப்பாய்களில் தண்ணீரும் தானியமும் நிரப்பினார். கதவைத் திறக்காதே என்ற ஒரு வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் குளம் உடைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் வெள்ளம் வந்தது. குடியிருப்பில் அந்த வரிசைக்கு மாடி வீடு அவருடையது ஒன்றுதான். கீழ்வீட்டுக்காரர்கள் பதினொரு பேர் படியேறி வந்தார்கள். சூசையம்மாள் நாற்பது நாள் பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தாள், சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற ரெஜீனா இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தாள். ரெஜீனா அவருடைய மனைவி. அவள்தான் கதவைத் தட்டினாள். அவர் கை உள்ளே தாழ்ப்பாளில் இருந்தது. இத்தனை வருடம் படித்த புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தன. விடிந்து தண்ணீர் வடிந்தபிறகு அவர் கதவைத் திறந்தார். படிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் அவர் இறங்குவதற்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கீழ்வீட்டுத் தங்கப்பழம் மட்டும், கீழே சேறு நிறைய இருக்கும், பார்த்து இறங்க வேண்டும் என்று சொன்னார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ரெஜீனா உள்ளே போய் ஈரச் சேலையைப் பிழிந்து கொடியில் போட்டாள். அன்றிலிருந்து அவள் இன்னாசிமுத்துவிடம் பேசவில்லை. சொல்ல வேண்டியதைச் சோற்றுப் பானையிடம் சொன்னாள். சோறு ஆறுகிறது என்று பானையிடம் சொல்வாள், மின்சாரம் கட்டக் கடைசி நாள் என்று பானையிடம் சொல்வாள். மற்றவர்கள் பழையபடியே அவரைக் கல்யாணத்துக்கு அழைத்தார்கள், மொய் எழுதும்போது அவர் பெயரைச் சரியாக எழுதினார்கள். அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

அதற்குப்பிறகு அவர் தண்ணீர் வரிசையில் நிற்பதை விட்டுவிட்டார். குடியிருப்புக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் லாரி வரும். வரிசையில் ஆள்தான் நிற்க வேண்டும் என்பதில்லை. ஒரு கல்லை வைக்கலாம், ஒற்றைச் செருப்பை வைக்கலாம், விளிம்பு உடைந்த குடத்தை வைக்கலாம். எது இருக்கிறதோ அதுதான் ஆள். வரிசை நகரும்போது பின்னால் இருப்பவர் தனக்கு முன்னால் இருக்கிற கல்லைக் காலால் முன்னே தள்ள வேண்டும். தள்ளாமல் தாண்டிப் போனவர் என்று அந்தக் குடியிருப்பில் யாரும் இல்லை. தாண்டினால் என்ன ஆகும் என்பதும் யாருக்கும் தெரியாது. தங்கப்பழம் இந்த விஷயத்தில் கறாரானவர், உப்பளத்தில் கங்காணியாக இருந்தவர், அவருடைய இடத்தில் எப்போதும் இரும்பு வளையம் பதித்த ஒரு சிமெண்டுக் கட்டி இருக்கும். இன்னாசிமுத்து எடைமேடைக் குழாயில் நீலக் கேனை நிரப்பி சைக்கிளில் கொண்டுவந்தார். அவருடைய கேன் வரிசையில் இல்லாமல் இரண்டு வருடம் ஆயிற்று.

மைதானம் நிறம் மாறியபோது அவர் மொட்டைமாடியிலிருந்து பார்த்தார். வாழ்நாள் முழுதும் காத்திருந்தது வந்து கிடந்தது, அதன்மேல் பெண்கள் தலையணை போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது, யாருக்காக வெட்கப்படுகிறோம் என்பது அவருக்கே பிடிபடவில்லை.

சித்திரை பிறந்ததும் அது சுருங்கத் தொடங்கிற்று. நாளைக்கு ஒரு முழமாக மைதானம் பச்சையும் செம்மண்ணுமாகத் திரும்பி வந்தது. பெண்கள் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், தங்கள் பகுதியில் உள்ள உலக முடிவைச் சுருங்காமல் காத்துத் தருமாறு மனுக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வந்தார்கள். ரசீதைத் தங்கப்பழம் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மனு போனால் போனதுதான், கருவாட்டை அதற்குள் காயவைத்துக்கொள்ளுங்கள் என்றார். இன்னாசிமுத்து மாடியிலிருந்து ஒவ்வொரு நாளும் முழம் எண்ணினார். எண்ண எண்ண, வெட்கம் போய் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. பையில் மெழுகு தோய்த்த தீக்குச்சிகளை எடுத்துவைத்தார். புறப்படுகிற காலையில் ரெஜீனா பானையிடம், போகிறவர்களுக்குச் சட்டைப் பித்தான் தைத்து வைத்திருக்கிறது, கொடியில் கிடக்கிறது என்று சொன்னாள். அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

உள்ளே அவர் நினைத்தபடியே எல்லாம் இருந்தது. முதல் ஒரு மணி நேரம் அவர் அவ்வளவு சந்தோஷமாக நடந்தார். முகமூடி தேவைப்படவில்லை, கழற்றிப் பையில் வைத்தார். காற்று பழைய நோட்டுப் புத்தகத்தின் வாசனையோடு இருந்தது. சாலையின் நடுவில் நடந்தார், வழிவிடுவதற்கு எந்த வண்டியும் இல்லை. எடைமேடைக்குப் போய் அதன்மேல் ஏறி நின்று பார்த்தார். திரை இருண்டு கிடந்தது, அது அவரை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சத்தமாகத் தன் பெயரைச் சொன்னார். பிறகு உப்பளக் குடியிருப்புக்குப் போகும் வழியில் திரும்பினார், ஏனென்றால் இருபத்தாறு வருடம் அந்த மேடையிலிருந்து இறங்கினால் அவர் கால் அந்த வழியில்தான் திரும்பும்.

கீழ்வீடுகளின் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. உள்ளே தட்டுகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தன் வீட்டுப் படியேறிப் போனார். இரும்புக் கதவு மூடியிருந்தது. துருவேறிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்தார், உள்ளே தாழிட்டிருந்தது. அந்த ஊரில் மூடியிருந்த கதவு அது ஒன்றுதான். அவர் தட்டினார். கொஞ்சநேரம் விட்டு மறுபடியும் தட்டினார். பிறகு ரெஜீனா அன்றைக்கு உட்கார்ந்திருந்த படியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தபோதுதான் கீழே வரிசையைப் பார்த்தார்.

லாரி வந்து நிற்கும் வேப்பமரத்தடியிலிருந்து அது தொடங்கிற்று. மரம் பட்டுப்போயிருந்தது. முதலில் இரும்பு வளையம் பதித்த சிமெண்டுக் கட்டி. அதற்குப் பின்னால் ஒரு செங்கல், ஒரு ஒற்றைச் செருப்பு, சூசையம்மாளின் விளிம்பு உடைந்த குடம், கயிறு கட்டிய இரண்டு கேன்கள், ஒரு சிறுபிள்ளையின் மணல் வாளி. யாரும் யாரையும் தாண்டியிருக்கவில்லை. அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் கடைசித் தண்ணீர் இப்படிக் காத்திருக்கப்படவில்லை. அடித்துக்கொண்டு, கழுத்தை அறுத்துக்கொண்டுதான் காத்திருந்தார்கள். அவர் படியிறங்கி வரிசையை ஒட்டி நடந்தார். மணல் வாளிக்கு அடுத்தது ரெஜீனாவின் பச்சைக் குடம், ஓட்டையைச் சூடான கரண்டியால் அவளே ஒட்டிய தழும்போடு. அதற்கு அடுத்தது ஒரு நீலக் கேன். வெள்ளைப் பெயிண்ட் உரிந்திருந்தது, ஆனாலும் இ.மு. என்று படிக்க முடிந்தது.

தன் கையிலிருந்த கேனைக் கீழே வைத்துவிட்டு அவர் குனிந்து அதைத் தூக்கினார். வெறும் கேன். அதன் எடை அவருக்குத் தெரிந்த எடைதான், ஆனால் ஏதோ கொஞ்சம் குறைந்தது. திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் ஒரு ஓரம் மட்டும் காகிதம்போலத் தேய்ந்திருந்தது. வரிசையின் கடைக்கோடியிலிருந்து அந்த இடம்வரை தரையில் அது தள்ளப்பட்டு வந்த தடம், மற்றவற்றின் தடங்களோடு சேர்ந்து, விரலால் கீறியதுபோல நீளமாகக் கிடந்தது. எத்தனையோ காலைகளில் எத்தனையோ கால்கள் தள்ளியிருக்க வேண்டும். அவர் மேலே இரும்புக் கதவைப் பார்த்தார். மறுபடி கேனைப் பார்த்தார். அதை எடுத்த இடத்திலேயே, எடுத்த கோணத்திலேயே வைத்தார். வைத்தபிறகு அது சரியாகப் பச்சைக் குடத்துக்குப் பின்னால் இருக்கிறதா என்று ஒருமுறை பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

கொண்டுவந்த கேனை எடுத்துக்கொண்டு, திரும்பி வருகிற வழியில் அவர் ஓடினார். பையும் பூட்சும் கனத்ததால் நடுவழியில் அவற்றைக் கழற்றி எறிந்தார். வாசல் மறுநாள்வரை இருக்கும் என்பது கணக்கு, ஆனால் அந்தக் கணக்கில் அவருக்கு இப்போது நம்பிக்கை இல்லை. முழம் எண்ணியவர் அவர்தான்.

வெளியே, மத்தியானமே அது ஒரு பாய் அகலத்துக்கு வந்துவிட்டதைச் சூசையம்மாள்தான் பார்த்தாள். காய்ந்ததும் காயாததுமாக ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு போய் ரெஜீனாவிடம் சொன்னாள். ரெஜீனா அடுப்பை அணைத்துவிட்டு, வாசலில் கிடந்த ரப்பர் செருப்பு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். வந்து சாம்பல் வெயிலும் சாதா வெயிலும் சேருகிற விளிம்பில் அந்தச் செருப்பைச் சோடியாக வைத்தாள். தங்கப்பழம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆளு இருக்குன்னு அர்த்தம். இனி அது எப்படி மூடும்னு பாத்திருவோம், மதினி."

மூடவில்லை. மற்ற பக்கங்களிலெல்லாம் செம்மண் திரும்பி வந்தது, செருப்பு இருந்த இடத்தில் மட்டும் ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு அது நின்றது. மூன்று மணிக்கும் நின்றது, நாலு மணிக்கும் நின்றது. தேநீர் குடிக்கப் போனவர்கள் போனார்கள், வந்தவர்கள் வந்தார்கள். சூசையம்மாள் மிச்சமிருந்த பாயை வாசலுக்கு முன்னாலேயே வெளியே விரித்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பிள்ளை, வெள்ளத்தில் தலைக்குமேல் வந்த பிள்ளை, இப்போது ஓடுகிற வயது, இரண்டு முறை அந்தச் செருப்பைப் போட்டுப் பார்க்க வந்தது, இரண்டு முறையும் தங்கப்பழம் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தாயிடம் விட்டார். ரெஜீனா செருப்பின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மறுநாள் சத்துணவுக்குப் பயறு புடைத்தாள்.

ஐந்து மணி சுமாருக்கு இன்னாசிமுத்து உள்ளிருந்து வந்தார். பை இல்லை, பூட்சு இல்லை, நீலக் கேன் மட்டும் கையில் இருந்தது. விளிம்புக்கு வந்ததும் தன் செருப்பைப் பார்த்து நின்றுவிட்டார். அது வெளிப்பக்கம் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. அவருக்கு முன்னால் மீன் பரப்பிய பாய், பாய்க்கு அந்தப்பக்கம் மனிதர்கள்.

ரெஜீனா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"கருவாட்டை மிதிக்காம வாங்க."

அங்கே பானை எதுவும் இல்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பாயைச் சுற்றி வந்தார். அவருக்குப் பின்னால் சாம்பல் வெயில் தண்ணீர் உறிஞ்சுவதுபோல மண்ணுக்குள் போயிற்று, அங்கே பையன்கள் ஸ்டம்புக் குச்சிகளை நட்டார்கள். தங்கப்பழம் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னவே, உள்ள பாத்த அளவுல எப்படி? நமக்குத் தண்ணி வருமா வராதா?"

"வரிசை இருக்கு" என்றார் இன்னாசிமுத்து.

தங்கப்பழம் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து பத்து நாள் கழித்து, மனுவில் குறிப்பிட்ட பொருள் தற்போது நிலுவையில் இல்லாததால் முடித்துவைக்கப்படுகிறது என்று ஒரு கடிதம் வந்தது. ஈ திரும்பி வந்துவிட்டதால் சூசையம்மாளுக்குக் கருவாடு காயப்போட உயரமான இடம் வேண்டியிருந்தது. இன்னாசிமுத்து இரும்புக் கதவைக் கீல்களிலிருந்து கழற்றி, மொட்டைமாடியில் நாலு பீப்பாய்களின்மேல் கிடத்திக் கொடுத்தார். கதவு இல்லாத வாசலுக்கு ரெஜீனா ஒரு பழைய சேலையைக் கட்டினாள். காலையும் மாலையும் சூசையம்மாள் கூடையோடு அந்தச் சேலையை விலக்கிக்கொண்டு வீட்டு நடுவே போய் மாடியேறினாள், அவள் பின்னால் பிள்ளை ஏறிற்று, அதன் பின்னால் பூனை ஏறிற்று.

அதற்கெல்லாம் முன்னால், அவர் திரும்பி வந்த மறுநாள், லாரி வருகிற நாளாக இருந்தது. இன்னாசிமுத்து நீலக் கேனைக் கொண்டுபோய் வேப்பமரத்தடி வரிசையின் கடைசியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். எடைமேடைத் தண்ணீர் புளித்துப்போச்சா என்று தங்கப்பழம் முன்னாலிருந்து கேட்டார், இரண்டு பேர் சிரித்தார்கள், அவரும் கொஞ்சம் சிரித்தார். அவருக்கு முன்னால் ஒரு கருங்கல் இருந்தது. அது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த இரண்டு வருடத்தில் குடிவந்தவர்கள் யாராவது வைத்திருக்கலாம். லாரி வந்தது, குழாயை இறக்கினார்கள், வரிசை ஓரடி நகர்ந்தது. அவர் செருப்பின் நுனியால் அந்தக் கல்லை முன்னே தள்ளினார், பிறகு தன் கேனைத் தள்ளினார்.